சோலார் பங்கு வாங்குமுன்

2024 அக்டோபரில் 1,503 ரூபாய்க்கு வெளியான, சோலார் பேனல் தயாரிக்கும் வாரீ எனர்ஜீஸின் பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே 2,500 ரூபாயில் வர்த்தகத்தைத் தொடங்கியது. சோலார் என்ற பெயர் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சூரிய மின்சாரம் பெருகும், சந்தேகமே வேண்டாம். ஆனால் பேனல் செய்பவர் லாபம் பார்ப்பது வேறு விஷயம். சீனாவின் சன்டெக், ஒரு காலத்தில் உலகிலேயே அதிக பேனல் தயாரித்த நிறுவனம். நியூயார்க் பங்குச்சந்தையில் கொடிகட்டிப் பறந்தது. ஆளாளுக்கு ஆலை திறந்தார்கள், பேனல் விலை அதலபாதாளத்துக்குப் போனது, 2013-ல் அதன் முக்கியத் துணை நிறுவனம் திவாலானது. இத்தனைக்கும் அந்த ஆண்டு உலகில் சோலார் நிறுவல் கூடியது!

நம் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் பேனல்கள் மீது வந்த 40 சதவீத இறக்குமதி வரி பெரிய அரணாக அமைந்தது. அரசு போட்ட வேலியை அரசே தளர்த்தவும் முடியும். ஆகவே ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். பேனலுக்கான செல்லையும் சொந்த ஆலையில் செய்கிறார்களா, வெளியிலிருந்து வாங்கிப் பேனலாகக் கோக்கிறார்களா? ஏற்றுமதி முழுக்க அமெரிக்காவை நம்பியா? அங்கே வரி ஏறினால் ஆர்டர் என்னவாகும்? இதற்கெல்லாம் விடை தெரியாமல் பிஎஃப் பணத்தைப் போடாதீர்கள். சொந்த மொட்டைமாடி இருப்பவர்கள் முதலில் அங்கே பேனல் போடட்டும்: பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.