மூலிகை அறிவோம்: ஜூனிப்பர்



அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார் என அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். புனித ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பு அதனை 'யூனிப்பெருஸ்', அதாவது ஜூனிப்பர் என்று குறிக்கின்றது. எபிரேய மூலத்திலுள்ள 'ரோதெம்' என்ற சொல்லோ, வெண்மலர் பூக்கும் வேறொரு பாலைச் செடியைச் சுட்டும் என்பர் அறிஞர். இப்பெயர் மயக்கத்தால் எவருக்கும் தீங்கில்லை. மருந்தில் இத்தகைய மயக்கம் நேர்ந்தால் உயிருக்கே கேடு விளையும்.

உண்மையான ஜூனிப்பர், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இமயமலைப் பகுதியிலும் வளரும் பசுமை மாறாப் புதர். ஊசி போன்ற இலைகள் மும்மூன்றாக அமைந்திருக்கும். கனி என்று நாம் கருதுவது, சதைப்பற்றான செதில்கள் ஒன்றிணைந்த கூம்பே. பச்சையான அது கருநீலமாக முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

ஐரோப்பிய மக்கள் அக்காயைச் செரிமானக் கோளாறுகளுக்கும், சிறுநீரைப் பெருக்குவதற்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். கொள்ளைநோய்க் காலங்களில் அதன் கட்டைகளை எரித்து வீடுகளுக்குப் புகையூட்டினர். 'ஜின்' என்னும் மதுவின் பெயரும் இச்செடியிலிருந்தே பிறந்தது. இலடாக்கில் இதன் இனச் செடியொன்றைச் 'சுக்பா' என்றழைத்து, வழிபாட்டில் நறும்புகை எழுப்புகின்றனர்.

செரிமானத்திற்கும் சிறுநீர்ப் பெருக்கத்திற்கும் இக்காயைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய மருந்துகள் முகமையும் ஏற்கின்றது. ஆனால் அந்த ஏற்பு நீண்டகால வழக்கத்தைச் சார்ந்ததேயன்றி, உறுதியான மருத்துவ ஆய்வுகளைச் சார்ந்ததன்று. கடுமையான சிறுநீரக நோயுள்ளோர் இதனைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற தாய்மாருக்கும் இது ஏற்றதன்று.

இதே குடும்பத்தில் 'சாவின்' என்றொரு செடியும் உண்டு. அதன் காயும் கருநீலமே. ஆனால் முதிர்ந்த செடியின் இலைகள் ஊசியாக நில்லாமல், செதில்போல் கிளையோடு ஒட்டியிருக்கும். கசக்கினால் விரும்பத்தகாத நாற்றம் எழும். அதன் எண்ணெய் கொடிய நஞ்சு. முற்காலத்தில் கருவைக் கலைக்க அதனை உட்கொண்ட பெண்கள் தம் உயிரையும் இழந்ததுண்டு.

ஆகவே, நல்லது என்று பிறர் சொல்லக் கேட்டோ, நிறமொத்த காயைக் கண்டோ எந்த மூலிகையையும் வீட்டில் கையாளாதீர்கள். இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. செடியை ஐயமற அறிந்து, மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே அது மருந்தாகட்டும்.