ஏகாதசி விரதமும் மாத்திரைப் பெட்டியும்

வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று எனத் திங்களுக்கு இருமுறை வருவது ஏகாதசி. இளமை தொட்டு அந்நோன்பைக் கைவிடாமல் காத்துவரும் பெரியோர்கள் நம் இல்லங்களில் பலர் உண்டு. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக உபவாசம் இருந்து பழகியவர்களுக்கு, வயது முதிர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் அதை விட்டுவிட மனம் ஒப்புவதில்லை.

ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இல்லாத ஒன்று இன்று அவர்களுடைய பூஜை அலமாரிக்கு அருகிலேயே இருக்கிறது. அது மாத்திரைப் பெட்டி. சர்க்கரைக்கு ஒன்று, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என வேளைதோறும் மருந்து உட்கொள்பவர்களே முதியோரில் மிகுதி. விரத நாளில் இம்மாத்திரைகளை என்ன செய்வது என்ற கேள்வியை அவர்கள் மருத்துவரிடம் கேட்பதும் அரிது. பிள்ளைகளிடம் சொல்வதும் அரிது. தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அம்முடிவு பெரும்பாலும் இரண்டு வகையாக அமைகிறது. வெறும் வயிற்றில் மருந்து கூடாது, மேலும் மாத்திரை உட்கொண்டால் விரதம் பங்கப்படும் என்று எண்ணி, அன்றைக்கு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். மருந்தைத் தவறவிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நினைவிற்கொண்டு, உணவு இல்லாமலேயே எல்லா மாத்திரைகளையும் விழுங்கிவிடுவோர் மற்றொரு சாரார். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இவ்விரண்டும் முதியோருக்கு ஆபத்தானவை.

மருந்தால் விரதம் கெடுமா?

முதலில் மனத்தில் உள்ள ஐயம் நீங்க வேண்டும். மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில், உறக்கமின்றித் தவிக்கும் திருதராஷ்டிரனுக்கு விதுரர் நீதிகளை எடுத்துரைக்கிறார். விரதத்தைப் பங்கப்படுத்தாதவை எட்டு என்று அவர் அங்கே கூறுகிறார். நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணரின் விருப்பம், குருவின் சொல் ஆகியவற்றோடு எட்டாவதாக அவர் சொல்வது ஔஷதம். நோய்க்கு உட்கொள்ளும் மருந்து விரதத்துக்கு இடையூறு அன்று என்பது பெரியோர்கள் தொன்றுதொட்டு ஏற்றுவரும் நெறி. நீரும் பாலும் பழமும் அப்பட்டியலில் இருப்பதையும் கருத வேண்டும்.

ஏகாதசி உபவாசத்தை எட்டு வயதுக்கு மேற்பட்டு எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கே கடமையாகத் தர்மசாஸ்திரங்கள் விதித்துள்ளன. முழு உபவாசம் இயலாதவர்கள் பால், பழம் மட்டும் கொள்வதற்கும், ஒருவேளை மட்டும் உண்பதற்கும் அவை இடம் தந்துள்ளன. ஆகவே உடல்நிலைக்கு ஏற்ப விரதத்தை அமைத்துக்கொள்வது சாஸ்திரம் காட்டிய வழியே ஆகும். அதைக் குறையாக எண்ணி வருந்த வேண்டுவதில்லை.

எந்த மாத்திரை எத்தகையது?

மாத்திரைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. விரத நாளைப் பொறுத்தவரை அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

உணவோடு தொடர்பில்லாதவை முதல் வகை. தைராய்டு மாத்திரையை எந்நாளும் வெறும் வயிற்றில் நீருடன்தான் உட்கொள்ள வேண்டும். விரதத்தால் அதற்கு மாற்றம் எதுவும் இல்லை. இரத்தக் கொதிப்புக்கான மாத்திரைகளில் பெரும்பாலானவையும் உணவை எதிர்பார்ப்பவை அல்ல. வலிப்பு நோய்க்கான மருந்தையும், இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்கள் உட்கொள்ளும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது. வயிற்றைப் புண்ணாக்கும் இயல்புடைய ஆஸ்பிரின் போன்றவற்றைப் பாலுடன் கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உணவு இல்லாவிட்டால் தீங்கு செய்யக்கூடியவை இரண்டாம் வகை. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இதைச் சேர்ந்தவை. இவை உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே செல்பவை. வழக்கமான அளவில் இவற்றைக் கொண்டு, உணவை விட்டுவிட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். அதற்கு அஞ்சி இன்சுலினை முற்றிலும் நிறுத்துவதும் தவறு. அன்றைக்கு அளவை எவ்வளவு குறைப்பது, எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்வது அரிது.

உடலின் நீரை வெளியேற்றுபவை மூன்றாம் வகை. கால் வீக்கத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் நீர் மாத்திரைகள் இவ்வகையின. அண்மைக் காலமாகச் சர்க்கரைக்கு வழங்கப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் சிறுநீர் வழியே சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுகின்றன. உணவும் நீரும் இல்லாத நாளில் இவற்றை உட்கொண்டால் உடல் வறண்டு போகும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு நெடுநேரம் பட்டினி இருப்பது, இரத்தத்தில் அமிலத்தன்மை மிகும் அபாயத்துக்கும் வழிவகுக்கக் கூடும். விரத நாளில் இவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரை முன்னரே கேட்பது இன்றியமையாதது.

மாத்திரையை விழுங்கும் முறையிலும் ஒரு சொல் உண்டு. பஞ்சபாத்திரத்திலிருந்து ஓர் உத்தரணித் தீர்த்தத்தோடு மாத்திரையை விழுங்கிவிடும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. அவ்வளவு குறைந்த நீரில் மாத்திரை உணவுக் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண் உண்டாக்கலாம். மாத்திரைக்கு ஒரு தம்ளர் நீர் வேண்டும்.

களைப்பா, சர்க்கரைத் தாழ்வா?

விரத நாளின் பிற்பகலில் முதியவர் ஒருவர் சோர்ந்து படுத்தால், விரதக் களைப்பு என்று எண்ணி வீட்டார் எழுப்பாமல் விட்டுவிடுவது வழக்கம். இவ்விடத்தில்தான் விழிப்பு வேண்டும். இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் அது தாழ்நிலை. உடல் வியர்த்தல், கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை அதன் அறிகுறிகள். முதியோருக்கு இவை தெளிவாகத் தோன்றாமல், பேச்சுத் தடுமாற்றம், தலைச்சுற்றல், காரணமற்ற எரிச்சல், ஆளை அடையாளம் தெரியாத நிலை என்ற அளவிலேயே வெளிப்படலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து, வியர்வை மட்டுமே அடையாளமாக நிற்பதும் உண்டு.

இத்தகைய அறிகுறி கண்டவுடன், கருவி இருந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கருவி இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளிவு வராவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுக்கலாம். தெளிந்த பின் சிறிது உணவு கொடுப்பது அவசியம். மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடியும் தாழக்கூடும். எனவே அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டலாகாது. 108 வாகனத்தை அழைப்பதே முறை. இந்நிலை வந்துவிட்டால் அன்றைய உபவாசம் அத்துடன் நிறைவுற்றதாகக் கொள்ள வேண்டும்.

நீரும் பலகாரமும்

மூப்பில் தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்த பிறகும் நாவு வறட்சியை உணர்வதில்லை. ஆதலால் நிர்ஜல உபவாசம், அதாவது நீரும் அருந்தாத நோன்பு, மருந்து உட்கொள்ளும் முதியோருக்குப் பொருந்தாது. தாகம் இல்லாவிடினும் இடைவெளி விட்டு நீர் அருந்த வேண்டும். இதய பலவீனத்துக்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அவ்வரையறையே முதன்மையானது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும்கூட அளவு மீறினால் தீங்கு செய்யும். அவற்றில் பொட்டாசியம் மிகுதி.

நீர் குறைந்த உடலில், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழும். சந்நிதியில் நமஸ்கரித்துவிட்டுச் சட்டென்று எழும்போது கண் இருட்டுவது இதனால்தான். முதலில் அமர்ந்து, சில மூச்சு விட்டு, தூணையோ உடன் வந்தவரின் கையையோ பற்றிக்கொண்டு எழுவது நலம். வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலைப் பனியில், இரவு கண்விழித்த உடலோடு பரமபத வாசலுக்காக நெடுநேரம் வரிசையில் நிற்பவர்கள், கையில் நீரும் சிறிது சர்க்கரையும் வைத்திருத்தல் வேண்டும்.

அன்னத்தை விலக்கிப் பலகாரம் கொள்பவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் மாச்சத்தே. அரிசியை விலக்கிவிட்டு ஜவ்வரிசி உப்புமாவை வயிறு நிறைய உண்டால் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறும். வறுவலும் வடையுமோ எண்ணெய்ச் சுமை. இவற்றைவிட, ஒரு தம்ளர் பால், நீர்மோர், ஒரு கொய்யாப்பழம், நிலக்கடலையை விலக்காத இல்லங்களில் அவித்த கடலை ஒரு பிடி எனச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொள்வது முதுமைக்கு ஏற்றது. சர்க்கரைத் தாழ்வையும் ஏற்றத்தையும் அது ஒருங்கே தவிர்க்கும்.

துவாதசிப் பாரணை

விரதத்தின் நிறைவு பாரணை. துவாதசியன்று காலையிலேயே உண்ண வேண்டும் என்ற விதி, நெடுநேரம் காய்ந்த உடலுக்குப் பெரிதும் நன்மையானது. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் இடம்பெறும் அவ்வுணவில் கீரையின் சுண்ணாம்புச் சத்தும் நெல்லியின் வைட்டமின் சி சத்தும் கிடைக்கின்றன. தானிய உணவிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதற்கு நெல்லியின் அச்சத்து துணைபுரிகிறது.

முதல் உருண்டையைச் சிறிதாகக் கொண்டு, மென்று, மெதுவாக உண்ண வேண்டும். முந்தைய நாளுக்கும் சேர்த்து உண்பதுபோல் இலையை நிறைத்துக்கொண்டால் வயிறும் தாங்காது. சர்க்கரையும் கட்டுக்குள் நில்லாது. தவறவிட்ட மாத்திரைக்கு ஈடாகத் துவாதசியன்று இரண்டாகச் சேர்த்து விழுங்குவதும் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையை என்றும் ஒரே அளவில் கொள்ள வேண்டியவர்கள்; பாரணையன்று மட்டும் மிகுதியாகக் கீரை உண்டால் மருந்தின் வேகம் குறையும்.

முன்கூட்டியே ஒரு பேச்சு

அண்மையில் மாரடைப்பு கண்டவர்கள், சர்க்கரைத் தாழ்ந்து மயங்கி விழுந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், நாளுக்குப் பலமுறை இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் ஆகியோர் உபவாசத்தைத் தவிர்ப்பதே ஏற்புடையது. திருநாமம் ஓதுதல், புராணம் கேட்டல், துளசி சாத்தி வழிபடுதல் ஆகிய ஏகாதசியின் மற்ற அங்கங்கள் அனைத்தும் அவர்களுக்கும் உரியவையே.

ஏனையோர் அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் சென்று, ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை எனத் தாம் நோற்கும் விரதங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் கடிந்துகொள்வார் என்று மறைப்பதால் பயன் இல்லை. எந்த மாத்திரை தொடர வேண்டும், எது குறைய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால், ஆண்டு முழுவதும் வரும் விரதங்களுக்கு அதுவே வழிகாட்டியாகும். மருந்தில் மாற்றம் வந்தால் தாளையும் மாற்றிக்கொள்ளலாம்.

அத்தாளைப் பூஜை அறைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து, மகனிடமோ மருமகளிடமோ காட்டிவைப்பது நன்று. தனித்து வாழும் முதியோர், விரத நாளில் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும்படி நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். இவ்வாறு ஏற்பாடு செய்துகொண்டு நோற்கும் மூத்தோர் யாவருக்கும் அடுத்து வரும் துவாதசிப் பாரணை இனிதே நிறைவேறத் திருமால் அருள்வாராக.