‘டேக்’ என்னும் சிறுவினை

ஆங்கிலம் கற்கும் நம் மாணாக்கர் நெடுஞ்சொற்களைக் கண்டு அஞ்சுகின்றனர், குறுஞ்சொற்களைப் பொருட்படுத்துவதில்லை. அச்சம் இடம்மாறி நிற்கின்றது என்பேன். இலத்தீன்வழி வந்த நீண்ட சொல்லொன்றை அகராதியிற் பார்த்து மனத்திருத்திவிட்டால் பெரும்பாலும் கருமம் முடிந்தது. அதற்குப் பொருள் ஒன்றோ இரண்டோதான். ‘டேக்’ என்னும் வினையோ பாலர் வகுப்புப் புத்தகத்திலேயே வந்துவிடுகின்றது; பல்கலைக்கழகம் புகுந்தவரும் அதனைக் கற்று முடித்தாரல்லர்.

1755 ஆம் ஆண்டு வெளிவந்த தமது அகராதியில் சாமுவேல் ஜோன்சன் இச்சொல்லுக்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். தம் உழைப்பைப் பெருக்கிய வினைகள் இவையென அந்நூலின் முன்னுரையில் ஒரு வரிசை கூறி, பொருள் நெகிழ்ந்து கிடக்கும் அவற்றை வரையறுத்தல் அரிதென்று முறையிடவுஞ் செய்தார். ‘கெட்’, ‘புட்’, ‘செட்’, ‘ரன்’ ஆகியனவும் அவ்வரிசையில் உள. பேரறிஞனைத் திணறச் செய்தவை ஈரெழுத்தும் மூவெழுத்துமான சொற்களே!

இத்தனைக்கும் ‘டேக்’ ஆங்கிலேயரின் பழஞ்சொத்தன்று. பழைய ஆங்கிலத்தில் எடுத்தலைக் குறித்தது ‘நிமன்’ என்னும் வினை. ஜெர்மானியர் அதன் இனச்சொல்லை இன்றும் வழங்குகின்றனர். இங்கிலாந்திற் குடியேறிய ஸ்கந்திநேவியர் கொணர்ந்த ‘டாகா’ என்பது காலப்போக்கில் அதனைத் துரத்திவிட்டது. பெயர்ச்சொற்களைக் கடன் வாங்குதல் எம்மொழிக்கும் இயல்பு. அன்றாட வினையையே கடன் வாங்கித் தன் வினையைக் கைவிடுதல் அரிதினும் அரிது. பழைய வினை முற்றாக மாண்டதுமில்லை. குளிரால் விறைத்த விரலை ஆங்கிலேயர் ‘நம்’ என்பர் (நமது ‘நம்’ அன்று). பற்றப்பட்டது என்பதே அதன் மூலப்பொருள்.

இவ்வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்துவிட்டால் தொல்லை பன்மடங்காகின்றது. ‘டேக் இன்’ என்னுந் தொடரைக் கொள்வோம். அநாதைக் குழந்தைக்கு வீட்டில் இடங்கொடுத்தலும் அது; எத்தன் ஒருவன் நல்லாரை ஏமாற்றுதலும் அதுவே. தையற்காரர் சட்டையின் அகலத்தைக் குறைப்பதும், மாணவன் ஆசிரியர் சொன்னதை விளங்கிக்கொள்வதும் அத்தொடராலேயே சொல்லப்படும். ‘டேக் ஓஃப்’ என்றால் விமானம் மேலெழும். தொப்பி தலையை விட்டு நீங்கும். விகடகவி பெரிய மனிதரின் நடையுடைகளைப் போலச் செய்து காட்டுவான். சொற்களைத் தனித்தனியே அறிந்தவன் இவற்றுள் எதனை ஊகித்தறிதல் கூடும்?

ஒக்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1930 இல் ‘பேசிக் இங்கிலிஷ்’ எனச் சுருக்க ஆங்கிலமொன்றை வகுத்தார். 850 சொற்கள் போதும், அவற்றுள் வினைகள் 18 போதும் என்பது அவர் துணிபு. அப்பதினெட்டில் ‘டேக்’ ஒன்று. கேட்பதற்கு இனிய திட்டந்தான். ஆயின் பதினெட்டு வினைகளும் இடைச்சொற்களோடு புணர்ந்து ஈனும் நூற்றுக்கணக்கான தொடர்களை அவர் கணக்கிற் சேர்த்திலர். வாயில் சிறிது, வீடு பெரிது.

ஆகவே நம் ஆசிரியர்மார் சொற்பட்டியல் எழுதுவித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்தும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ‘டேக் = எடு’ என்று பதிந்த பிள்ளை, மகன் தந்தையைப் போலிருக்கின்றான் என்று பொருள்படும் ‘டேக் ஆஃப்டர்’ என்பதைத் தந்தைக்குப் பின் எதையோ எடுத்ததாகவே கொள்ளும். நமது ‘பிடி’ என்னும் வினையை முதலில் ஆராயச் சொல்லலாம். தீப் பிடிக்கின்றது, சளி பிடிக்கின்றது, அயலவர் சுருட்டுப் பிடிக்கின்றார், குழந்தை அடம் பிடிக்கின்றது, பாட்டு எனக்குப் பிடிக்கின்றது, யாழ்ப்பாணம் போக நேரம் பிடிக்கின்றது. இவற்றை அகராதியின்றியே அறிந்த பிள்ளைக்கு, ஒரு வினை இவ்வளவு தூரம் நடக்கும் என்பது புதுமையன்று. வாக்கியத்தோடு சேர்த்தே ஆங்கில வினையையும் அது கற்கட்டும்.

இதில் ஆங்கிலத்தின் கதி மட்டுமே தங்கியிருக்கின்றதெனக் கருதற்க. ‘டேக்’ வந்தவிடமெல்லாம் ‘எடு’ எனப் பெயர்ப்போர் தமிழையும் மாற்றிவிடுகின்றனர். பசியெடுத்தலும் ஓட்டமெடுத்தலும் நம்முடையவை. ‘நடவடிக்கை எடுத்தல்’ ஆங்கிலச் சாயலுடையதாயினும் வேரூன்றிவிட்டது; அதனோடு வழக்காடுவதிற் பயனில்லை. ‘கவனத்தில் எடுத்தல்’ எதற்கு? கருதுதல் என்று ஒரு வினை இருக்கின்றதே.

எனக்கு மிகவும் உறுத்துவது ‘இடம்பெற்றது’ என்பது. ‘டேக் பிளேஸ்’ என்னுந் தொடரின் நிழலாகவே ஈழத்துச் செய்தித் தமிழில் அது இவ்வளவு பெருகியதெனத் தோன்றுகின்றது. ஒரு நூலில் ஒரு கட்டுரை இடம்பெறலாம், அதற்குத் தடையில்லை. விபத்து இடம்பெறுவதில்லை, நேர்கின்றது. எவரும் வேண்டாமல் வந்து சேர்வது அது. கூட்டமோ நடைபெறுகின்றது, சிலர் கூடி நடத்துவது அது. கிரகணம் நிகழ்கின்றது. கொலை செய்யப்படுகின்றது, செய்தவன் ஒருவன் உளன். திருமணமும் இடம்பெற்றது, கொலையும் இடம்பெற்றது என்று ஒரே பத்தியில் எழுதும்போது, கொலை செய்த கை மறைந்துவிடுகின்றது.