படைவீரர் தோற்கச்சையும் நமது கடமையும்

பழம்பொருள் தொகுப்போரிற் சிலர், படைவீரர் அணிந்த தோற்கச்சைகளையும் தோட்டாப் பைகளையும் தேடித் தொகுக்கின்றனர். இதனை வீண்வேலையென நகைப்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். ஆயினும், அப்பொருள்களுக்கு மெருகேற்றிப் புதியனபோல் ஆக்கும் வழக்கத்தை வன்மையாக மறுக்கின்றோம்.

காரணம் கூறுதும். பொருளின் தோற்றம் பலகாலும் நம்மை ஏமாற்றும். ஆங்கிலப் படையின் பருத்திப் பட்டைக் கச்சை 1908ஆம் ஆண்டு மாதிரி. தோற்கச்சை யொன்றோ 1914ஆம் ஆண்டு மாதிரி. தோல் பழையது, நெசவு புதியது என்று கொள்வார் இங்கே பிழைபடுவர். 1914இல் போர் மூண்டபோது, திரண்ட புதுப்படைக்கு வேண்டுமளவு பட்டை நெய்தல் இயலாமையின் மீண்டும் தோலை நாடினர். இவ்விரண்டற்கும் முந்தியது 1903ஆம் ஆண்டின் தோட்டாக் கச்சை. அதனுள், 5 பைகளில் 50 தோட்டா தாங்குவது காலாட்படைக்கும், 9 பைகளில் 90 தாங்குவது குதிரைப்படைக்கும் உரியன. 1914இல் பிரான்சில் இறங்கிய இந்தியக் காலாட்படையினர் பூண்டதும் இவ்வகைக் கச்சையே.

இவற்றை வேறுபிரித்துத் துணிதற்குச் சான்று யாது? தோலிற் பதிந்த சிறு முத்திரைகளே. செய்தோர் பெயர், ஆண்டு, அரசுடைமை காட்டும் அம்புக்குறி ஆகியன ஆண்டுக் காணப்படும். அம்பின் கீழ் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்திருப்பின் இந்திய அரசுடைமை. 'சி' எழுத்தினுள் அம்பிருப்பின் கனடாவினது. ஈரம்புகள் முனையொடு முனை கூடின் அரசு விற்று நீக்கியது. சிலவற்றில் வீரனது படையெண்ணும் எஞ்சியிருக்கும்.

எண்ணெயை மிகப் பூசினால் தோல் கறுக்கும், எழுத்து மங்கும். செந்தூளாய் உதிரத் தொடங்கிய தோலை எண்ணெய் மீட்பதுமில்லை. மென்றூரிகையால் தூசு நீக்கி, வெயிலும் ஈரமும் அணுகாது வைத்தலே தக்கது.

"அழகின்றேல் யார் வாங்குவர்?" என வினவலாம். ஏட்டுச்சுவடியின் பாடத்தைத் தன் விருப்பம்போல் மாற்றுவானை நாம் பதிப்பாசிரியனென்று போற்றுவதில்லை. எழுத்தை அழிப்பவனும், போலி முத்திரை குத்தி விலையேற்றுபவனும் அவ்வினத்தாரே. மங்கிய அவ்வெண் ஒன்றே, பெயர் மறைந்த ஒருவனைப் படைப்பதிவேட்டிற் கண்டறியும் வழியாதல் கூடும். அவன் பேரப்பிள்ளைகள் அதனைத் தேடி வருங்கால், பளபளக்கும் வெறுந்தோலைக் காட்டி நாம் என்ன விடை கூறுவோம்? ஆதலின், தொகுப்போர் முதலில் முத்திரையைப் படித்து எழுதிவைப்பாராக. பின்னரே தூரிகையை எடுப்பாராக.