கூலி வாங்கிய வீரன்

விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆட வேண்டும், அதில் காசு கலந்தால் களங்கம் வந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. மேடையில் இதைக் கேட்கும்போது நமக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் இந்தக் கொள்கையை வகுத்தவர் யார், அதனால் வாழ்ந்தவர் யார், வாடியவர் யார் என்று வினவிப் பார்த்தால், தட்டிய கைகள் சற்றே தயங்கும். பில்லி பாஸ்டன் என்னும் ரக்பி வீரரின் வாழ்க்கை இவ்வினாவிற்குத் தக்க விடை தருகிறது என்பது என் கருத்து.

ரக்பி நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரிகள் பாய்ந்து மறிப்பதை மீறி, அவர்களுடைய கோட்டிற்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு ‘டிரை’ என்று பெயர். இவ்வாட்டத்தில் யூனியன், லீக் என இரு பிரிவுகள். யூனியனில் அணிக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். ஆனால் இவை இரண்டாகப் பிரிந்தது ஆள் கணக்கினால் அன்று, கூலிக் கணக்கினால்!

ஆறு ஷில்லிங் வழக்கு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி ஆடியவர்களுள் பெரும்பாலோர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்திற்குப் போனால் வேலை நேரம் போகும். நேரம் போனால் கூலி போகும். கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. “எங்களுக்குப் பரிசு வேண்டாம், இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யுங்கள்” என்பதே அவர்கள் கோரிக்கை. ஆட்டத்தின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்த கனவான்கள் மறுத்துவிட்டனர். பரம்பரைச் சொத்துள்ளவனுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். உழைப்பாளிக்கு அது கூலி நாள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், ஜார்ஜ் ஹோட்டலில் 20-க்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனிச் சங்கம் கண்டன. நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங்குக்கு மேற்படாமல் ஈட்டுத்தொகை தரலாம் என முடிவு செய்தன. அந்தச் சங்கமே பின்னர் ரக்பி லீக் ஆயிற்று. யூனியனோ, லீக்கில் சேர்ந்து காசு வாங்கியவனுக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. குற்றவாளிக்குக்கூடத் தண்டனை முடிந்தால் விடுதலை உண்டு. கூலி வாங்கிய ஆட்டக்காரனுக்கு அதுவும் இல்லை!

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டிலும் இக்கதை உண்டு. 1962 வரை இங்கிலாந்தில் ‘கனவான்கள்’ ஓர் அணியாகவும், ஊதியம் பெறும் ‘ஆட்டக்காரர்கள்’ மற்றோர் அணியாகவும் மோதினர். ஆட்ட அட்டையில் கனவானின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால்; ஆட்டக்காரனின் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால். எழுத்திலும் தீண்டாமை!

கார்டிஃப் இளைஞன்

1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் பாஸ்டன் பிறந்தார். தந்தை சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. வீட்டில் 11 பிள்ளைகள். வேல்ஸ் மக்களுக்கு ரக்பி யூனியன் என்பது மதம் போன்றது. கார்டிஃப் அணிக்கும் வேல்ஸ் அணிக்கும் ஆட வேண்டும் என்பதே அச்சிறுவனின் கனவு. ஊரில் திறமை பேசப்பட்டது. ஆனால் கார்டிஃப் கழகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பினத்தவர் இடம்பெற 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அழைப்பு வராத காரணம் விளங்கும்.

அழைப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 1953 மார்ச்சு மாதம் வடஇங்கிலாந்தின் விகன் கழகத்தார் வீடு தேடி வந்து, பணத்தை நோட்டு நோட்டாக மேசைமேல் அடுக்கினார்கள். மகனை அனுப்ப மனமில்லாத தாய், 3,000 பவுண்டு தந்தால் கையெழுத்திடுவான் என்றார். அவ்வளவு தரமாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவர்கள் தந்துவிட்டார்கள். இது பாஸ்டனே பின்னாளில் சொன்ன கதை. அக்காலத்தில் அத்தொகைக்கு ஒரு வீடே வாங்கலாம். ஆயினும், 18 வயதில் போட்ட அந்தக் கையெழுத்து அவரது இளமைக் கனவை அடியோடு அழித்தது.

அடுத்த ஆண்டே, விகனுக்கு ஆறே ஆட்டங்கள் ஆடிய நிலையில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் செல்லும் பிரிட்டன் லீக் அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தகைய பயணத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் அவரே. 18 ஆட்டங்களில் 36 டிரை எடுத்துத் திரும்பினார். 1968 வரை விகனுக்காக ஆடிய 488 ஆட்டங்களில் 478 டிரை. வாழ்நாள் மொத்தம் 571. காசுக்காக ஆடுபவன் மனம் ஒன்றி ஆடமாட்டான் என்போர் இந்தக் கணக்கிற்கு என்ன விடை கூறுவர்?

லீக் உலகம் மாசு மறுவற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 1957-ல் உலகக் கோப்பை முடிந்து திரும்பும் வழியில் பிரிட்டன் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடச் சென்றது. நிறவெறி ஆண்ட அந்நாட்டில் பாஸ்டனுக்கு இடமில்லை. தோழர்கள் ஆடப் போக, அவர் தனியே ஊர் திரும்பினார். அணி போகாமல் இருந்திருக்க வேண்டும், போனது. அந்தப் பழி லீக்கின் மேல் என்றும் இருக்கும். ஆயினும் அதே லீக்கில்தான், கார்டிஃபிலிருந்து வந்த இன்னொரு கறுப்பினத்தவரான கிளைவ் சல்லிவன் 1972-ல் பிரிட்டனுக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றார். இங்கிலாந்துக் கால்பந்து அணிக்குக் கறுப்பினத் தலைவர் ஒருவர் வாய்த்தது 1993-ல்தான். கூலி கொடுத்தவன் ஆளின் திறமையைப் பார்த்தான். கொள்கை பேசியவன் ஆளின் பிறப்பைப் பார்த்தான்!

பணம் புகுந்தால்…

“பணம் புகுந்தால் மனிதன் சந்தைச் சரக்காகிவிடுவானே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேசைமேல் நோட்டை அடுக்கி ஆளைப் பேசி முடிப்பதில் ஏலத்தின் சாயல் இருக்கிறது. ஆனால் அங்கே பிழை கூலியிலா, வேறு வாசல் அனைத்தும் அடைபட்டிருந்ததிலா? எங்கும் ஆடலாம் என்ற உரிமை இருந்திருந்தால் அந்த இளைஞன் எண்ணிப் பார்த்துத் தேர்ந்திருப்பான். கதவை அடைத்துவிட்டு, சன்னல் வழியே போனவனைத் திருடன் என்பது எவ்வகை அறம்?

நம் பேராசிரியப் பெருமக்கள் மாதந்தோறும் ஊதியம் பெறுகிறார்கள். அதனால் பாடத்தின் புனிதம் கெட்டதாக யாரும் சொன்னதில்லை. (எப்போதாவது சுவை குறைந்தால் அதற்குக் காரணம் வேறு!) மருத்துவர் கட்டணம் பெறுவதால் மருந்து நஞ்சாவதில்லை. எலும்பு முறிய ஓடி, ஆயிரக்கணக்கானோரை மகிழ்விக்கும் ஆட்டக்காரன் மட்டும் காற்றைக் குடித்து வாழ வேண்டுமா?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடுத்த கூலி போதுமா என்பதே அது. ஆட்டம் ஓய்ந்தபின் பாஸ்டன் விகனில் ஒரு மதுவிடுதி நடத்தினார். முதுமையில், 2016-ல், மறதி நோய்க்கு ஆளானது தெரிய வந்தது. அவர் நோய்க்கு ஆட்டமே காரணம் எனக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் தலையில் பட்ட அடிகளால் மூளை நலிந்ததென்று இரு பிரிவுகளின் முன்னாள் வீரர்களும் வழக்காடப் புறப்பட்டிருக்கிறார்கள். உடலை முதலாக வைத்து உழைத்தவனுக்கு, உடல் தளரும் காலத்தில் சமூகம் பட்ட கடன் என்ன? புனிதம் பேசுவோர் இதற்கு விடை தேடட்டும்.

காலம் தந்த தீர்ப்பு

1995 ஆகஸ்டு 26 அன்று, யூனியன் உலகமும் ஊதியத்தை ஏற்றுக்கொண்டது. பிரிவினை நடந்து 100 ஆண்டு நிறைய மூன்றே நாள் குறைவு! ஒரு நூற்றாண்டு பாவம் எனப்பட்டது ஒரே நாளில் விதியாயிற்று. தடைபட்ட வீரர்கள் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

2023-ல் கார்டிஃப் நகரம் பாஸ்டனுக்கும், சல்லிவனுக்கும், அவர்களைப் போலவே வடக்கே சென்ற கஸ் ரிஸ்மனுக்கும் சிலை எடுத்தது. அன்று அழைக்காத ஊர், 70 ஆண்டு கழித்து வெண்கலத்தில் அழைத்தது. 2025 ஜூன் 10 அன்று, 90 வயதில், மன்னர் கையால் ‘சர்’ பட்டம் பெற்றார் பாஸ்டன். யூனியன் வீரர்கள் பலர் முன்பே பெற்ற அப்பட்டம், லீக்கிற்குப் பிரிவினைக்குப் பின் 130 ஆண்டுகளில் கிடைத்தது அதுவே முதன்முறை. அந்தப் பட்டத்தால் அவர் உயரவில்லை. அவரால் அந்தப் பட்டம்தான் தாமதமாகத் தன் மானம் காத்துக்கொண்டது.

மாணவ நண்பர்களே! பணத்திற்காக மட்டுமே ஆடு என்று நான் கூறவில்லை. உழைப்புக்கு விலை கேட்பவனை இழிந்தவன் என்று கூறும் உபதேசம் காதில் விழும்போதெல்லாம், அதைச் சொல்பவரின் வீட்டில் அடுப்பு எதனால் எரிகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.