ஊசியும் உத்தரவும்

சென்ற மாதம் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், துணைச் சுகாதார நிலையத்துத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி வந்தாள்.

"நர்ஸம்மா, போன வருஷம் டவுன் டாக்டர் போட்டாரே, அந்த ஊசியைப் போட்டு விடு தாயி!"

"டாக்டர் சீட்டு இருக்கா பாட்டி?"

"சீட்டு எதுக்கு? ஊசி குத்துறது நீதானே!"

நர்ஸம்மாள் சிரித்தார், ஆனால் ஊசி போடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னார். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொன்னால், நமக்கும் அந்த நிமிஷம் கோபந்தான்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: இந்த ஒரு வருஷத்துக்குள் பாட்டி இருதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். அந்த ஊசி போட்டிருந்தால் உள்ளே உதிரப் போக்கு ஏற்பட்டிருக்கலாம்.

மருந்தை எழுதுகிறவர் ஒருவர், எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர், உடம்பில் செலுத்துகிறவர் ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பது வீணுக்கல்ல. ஒருவர் பிழையை மற்றவர் கண்டுகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். 1945-ம் வருஷத்து மருந்து விதிகளின்படி, 'எச்' அட்டவணை மருந்துகளைப் பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கலாகாது. அப்பொழுது புதுவை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறிய பிறகே இந்தியச் சட்டங்கள் இங்கே வரலாயின. இந்த வரிசையில் நர்ஸ் கடைசிக் காவல். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் பார்த்தே மருந்து கொடுக்க வேண்டும். வைத்தியர் சீட்டிலேயே சந்தேகம் தோன்றினால் நிறுத்திக் கேட்பதும் அவர் கடமை.

ஆனால், பாகூர் வயல்வெளிக் கிராமத்தில் நள்ளிரவில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தக் கொதிப்பு மிகுந்து வலிப்பு கண்டால், சீட்டுக்கு எங்கே போவது? அதையும் சர்க்கார் யோசித்திருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சு 2010-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, கிராம நர்ஸே மக்னீஷியம் சல்பேட் ஊசியின் முதல் அளவை, இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் போட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மருந்தின் பெயர், அளவு, அடுத்த நடவடிக்கை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் 1992-ல் சட்டம் செய்து நர்ஸுகளுக்குச் சில மருந்துகளை எழுதும் உரிமை தந்தார்கள். 2006 முதல் தனிப் பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம். இங்கும் அதிகாரம் விரிய வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் முதலில் பயிற்சி, பிறகு எழுத்து மூலமான அனுமதி, அப்புறமே ஊசி. எழுத்தில் இல்லாததை வாய்ச் சொல்லால் செய்விக்கிறோமே, கேடு விளைந்தால் கேட்டவர் எவரும் பொறுப்பேற்க வருவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர் நர்ஸம்மாள் ஒருவரே.

பாட்டியைச் சொல்வானேன்? படித்த நம் வீடுகளிலேயே பழைய சீட்டை நீட்டி, "தெரிந்தவர்தானே" என்று அடுத்த வீட்டு நர்ஸைத் தொந்தரவு செய்கிறோம். அவர் மறுத்தால் முகம் சுளிக்கிறோம். இனி அவர் "மாட்டேன்" என்றால் நன்றி சொல்லி வருவோம். அதுவும் ஒரு மருந்துதான். கொஞ்சம் கசக்கும், அவ்வளவே.