ஒரு தாய் வயிற்றில் மூன்று முகம்

கறிவேப்பிலைக் கொழுந்தைக் கிள்ளப் போனால் இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். விரல் பட்டதும் நெளியும். இன்னும் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டிக் கடுமையான வாடையை வீசும். சில நாளில் தோலுரித்துப் பச்சைப் புழுவாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். பிறகு தண்டோடு தன்னை ஒரு நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பல வீடுகளில் அதுவரை அதை விட்டுவைப்பதில்லை, உதறி மிதித்துவிடுகிறோம். உயிரியலில் மிக நீண்ட காலம் நடந்த வழக்குகளில் ஒன்று இந்தப் புழுவைப் பற்றியது. அதன் முதன்மைச் சாட்சி நம் கொல்லையிலேயே இருந்திருக்கிறது.

வளர்ந்து பறக்கும் வண்ணத்துப்பூச்சியை ஆங்கிலத்தில் ‘காமன் மார்மன்’ என்பார்கள். ஆண் எப்போதும் ஒரே மாதிரிதான்: கறுப்பு உடல், கறுப்புச் சிறகு, பின்சிறகின் குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் பொட்டுகள். பெண்ணோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூன்று முகத்தோடு வருகிறாள். ஒருத்தி ஆணை அச்சில் வார்த்தது போல இருப்பாள். இன்னொருத்தியின் பின்சிறகு நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். ‘காமன் ரோஸ்’ என்ற வண்ணத்துப்பூச்சியின் சாயல். மூன்றாமவளுக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் செம்புள்ளிகள். இது ‘கிரிம்சன் ரோஸ்’ வண்ணத்துப்பூச்சியின் சாயல். ரோஸ் இரண்டும் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இனத்துக் கொடிகளைத் தின்று வளர்பவை. அந்தக் கொடிகளின் நஞ்சு உடம்பில் ஊறியிருப்பதால், ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை தயங்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளர்ந்தவளிடம் அந்த நஞ்சு இல்லை, வேடம் மட்டும் உண்டு. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த வேடத்தில் ஒரு குறை தெரியும். அசல் ரோஸின் உடல் செக்கச்செவேல் என்றிருக்கும். இவளுடைய சிறகு எவ்வளவு தேறியிருந்தாலும் உடல் கறுப்புதான்.

இவர்கள் எல்லாம் ஒரே இனம் என்பதே நெடுநாள் தெரியாமல் இருந்தது. 1758-இல் உயிர்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ், இந்த இனத்தின் ஆணுக்குப் பம்மோன் என்றும் சிவப்புப் பிறை கொண்ட பெண்ணுக்குப் பாலிட்டீஸ் என்றும் தனித்தனியே பெயர் வைத்தார். கிரிம்சன் ரோஸுக்கு அவர் வைத்த பெயர் ஹெக்டர். மூவருமே கிரேக்கக் காவியத்தில் டிராய் நகர மன்னன் பிரியாமின் புதல்வர்கள். கணவனையும் மனைவியையும் சகோதரர்களாக்கி, அவர்களோடு நெருங்கிய தொடர்பு இல்லாத நச்சுப்பூச்சியையும் அதே குடும்பத்தில் சேர்த்துவிட்டார். அத்தனை பெரிய கண்ணையே ஏமாற்றிய வேடம் அது.

முடிச்சை அவிழ்த்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அவரும் ஹென்றி வால்டர் பேட்ஸும் 1848-இல் ஒரே கப்பலில் அமேசானுக்குப் போனவர்கள். பேட்ஸ் அங்கேயே பதினொரு ஆண்டுகள் தங்கினார். நஞ்சில்லாத வண்ணத்துப்பூச்சி நச்சுப்பூச்சியின் சாயலை ஏற்பதற்கு இயற்கைத் தேர்வே காரணம் என்று அவர் 1862-இல் எழுதியதை டார்வின் கொண்டாடினார். வாலஸ் மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்து திரும்பி, 1865-இல் அச்சான கட்டுரையில், வெவ்வேறு இனங்கள் என்று கருதப்பட்டவை உண்மையில் ஒரே ஆணுக்கு இணையான பல வடிவப் பெண்கள் என்று காட்டினார். ஆனால் ஒரு கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. ஒரு தாய் வயிற்று மகள்கள் மூன்று விதமாகப் பிறக்கிறார்கள். எந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கலவையாக யாரும் பிறப்பதில்லை. வெள்ளையும் சிவப்பும் பட்டையும் பொட்டும் சிதறாமல் ஒரு தொகுப்பாகவே எப்படி மகளுக்குப் போய்ச் சேருகின்றன?

அதற்கு வளர்த்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் அதைச் செய்தவர் ஜே. சி. எஃப். ஃப்ரையர் என்ற ஆங்கிலேயர். தாய் யார், தந்தை யார் என்று குறித்து, முட்டையிலிருந்து வளர்த்து, வெளிவந்த மகள்களை வகைவாரியாக எண்ணினார். சொல்லும்போது எளிதாகத் தோன்றும். ஒவ்வொரு புழுவுக்கும் தினம் புதுக் கொழுந்து வேண்டும், எறும்பும் குளவியும் அண்டாமல் காக்க வேண்டும், ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். 1913-இல் வெளியான அவருடைய கணக்கு மெண்டலின் பட்டாணிக் கணக்கோடு பொருந்தியது. ஓரிரு மரபுக் காரணிகளே மூன்று முகங்களையும் தீர்மானிக்கின்றன. அந்தக் காரணிகள் ஆணிடமும் உண்டு, ஆனால் அவன் சிறகில் அவை வெளிப்படுவதில்லை.

இதை வைத்துத்தான் சண்டை மூண்டது. கேம்பிரிட்ஜின் மரபியல் பேராசிரியர் பன்னெட், வண்ணத்துப்பூச்சிகளின் வேடத்தைப் பற்றி 1915-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஒரே காரணி முழு வேடத்தையும் மாற்றுகிறது என்றால், அந்த வேடம் ஒரே தாவலில் பிறந்திருக்க வேண்டும். இயற்கைத் தேர்வு சிறுகச் சிறுகச் செதுக்கியது என்பது தேவையற்ற கற்பனை என்றார். கணிதமேதை ஃபிஷர் இதை ஏற்கவில்லை. விளக்கைப் போடுகிற சுவிட்ச் ஒன்றுதான் என்பதால் வீட்டின் மின்கம்பிகளை ஒரே நாளில் இழுத்துவிட்டார்கள் என்று ஆகுமா? 1930-இல் வந்த அவருடைய நூலின் வாதத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். முதலில் கிடைத்தது அரைகுறைச் சாயலாக இருக்கலாம். அதைத் துணைக் காரணிகள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியிருக்க வேண்டும். இருவரும் கூர்மையானவர்கள், இருவரிடமும் இருந்தது அதே இலங்கைக் கணக்கு. தீர்த்துவைக்கும் கருவிதான் அந்தத் தலைமுறையில் யாரிடமும் இல்லை.

வழக்கு அடுத்து லிவர்பூலுக்குப் போனது. அங்கே சிரில் கிளார்க் என்ற மருத்துவர், ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பவர். ஆணையும் பெண்ணையும் இரு கைகளில் பிடித்து, விரலாலேயே இணைசேர்க்கும் நுணுக்கம் அவருக்குக் கைவந்திருந்தது. மரபியலாளர் ஃபிலிப் ஷெப்பர்டோடு கூட்டுச் சேர்ந்து பல இனங்களை இப்படி ஆராய்ந்தார். காமன் மார்மன் பற்றிய அவர்களுடைய விரிவான ஆய்வு 1972-இல் வந்தது. பல மரபணுக்கள் குரோமோசோமில் நெருக்கமாக ஒட்டி, ஒன்றாகவே கைமாறும் ‘சூப்பர்ஜீன்’ இருக்க வேண்டும் என்பது அவர்கள் வந்தடைந்த இடம்.

இங்கே கொஞ்சம் விலகியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கிளைக்கதை நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. மனித இரத்தத்தின் ஆர்எச் வகையும் இப்படி ஒட்டிய காரணிகளால் வருவது என்று ஃபிஷர் முன்பே சொல்லியிருந்தார். வண்ணத்துப்பூச்சியில் பழகிய சிந்தனை கிளார்க்கை ஆர்எச் பக்கம் திருப்பியது. ஆர்எச் நெகடிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பு அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் இரத்தத்தைச் சிதைத்துவிடக்கூடும். அந்த எதிர்ப்பு உருவாகும் முன்பே தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 1960-களில் கிளார்க்கின் குழுவும், தனியாக நியூயார்க்கில் இன்னொரு குழுவும் உருவாக்கின. இன்று பிரசவ வார்டில் செவிலியர் அந்த ஊசியைப் போடும்போது அதன் பின்னால் வண்ணத்துப்பூச்சிக் கூண்டு ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம், ஐந்து வருடத்தில் இதனால் என்ன பயன் என்று கேட்கும் குழுக்களில் உட்காருகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2014-இல் தீர்ப்பின் முதல் பகுதி வந்தது. ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் கிருஷ்ணமேக் குண்டே. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர், சிகாகோ பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து செய்தவர். பல மரபணுக்களின் கூட்டத்தை எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் சுட்டியது ஒரே மரபணுவை. அதன் பெயர் டபுள்செக்ஸ். பூச்சிகளில் ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் உருவெடுப்பதை வழிநடத்தும் பழைய மரபணு அது. ஆணின் உடலிலும் பெண்ணின் உடலிலும் உயிரணுக்கள் அதை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டிப் படிக்கின்றன. வேடம் பெண்ணோடு நின்றுவிடுவது ஏன் என்பதற்கான பிடி அதிலேயே கிடைத்தது.

சிறகை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓட்டுக்கூரை போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரே ஓர் உயிரணுவின் வேலை. கூட்டுப்புழுவுக்குள் சிறகு உருவாகும் அந்தச் சில நாட்களில் எந்த உயிரணு எந்த நிறம் ஏற்பது என்பது முடிவாகிறது. வேடக்காரியின் சிறகில் டபுள்செக்ஸ் அப்போது மிகுதியாக வேலை செய்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2015-இல் கூட்டுப்புழுவின் சிறகில் அந்த மரபணுவை அடக்கிப் பார்த்தது. அடக்கிய பகுதியில் வேடம் கலைந்து, ஆணின் கோலம் வெளிப்பட்டது. வேடக்கார வடிவத்தில் ஏறத்தாழ 1,30,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதையும் கண்டார்கள். திரும்பிய துண்டு நேரான துண்டோடு கலந்து பரிமாறிக்கொள்ளாது. அதனால்தான் அரைவேடத்தோடு யாரும் பிறப்பதில்லை.

அப்படியானால் பன்னெட் வென்றாரா, ஃபிஷரா? கைமாறுவது ஒரே துண்டு என்பதில் பன்னெட்டின் பார்வை சரி. ஆனால் அந்தத் துண்டுக்குள் டபுள்செக்ஸின் இரு வடிவங்களுக்கும் இடையே ஒன்றல்ல, ஏராளமான வேறுபாடுகள் இருக்கின்றன. ஒரே நாளில் இழுத்த கம்பிகள் அல்ல அவை. பக்கத்திலுள்ள மரபணுக்களுக்கும் பங்கு உண்டு என்று டோக்கியோ குழு பின்னர் காட்டியது. என் மனம் ஃபிஷர் பக்கமே சாய்கிறது. ஆனாலும் ஃபிஷரும் கிளார்க்கும் எதிர்பார்த்த இடத்தில் விடை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாலினத்தை வகுக்கும் மரபணு வேடத்துக்கும் பொறுப்பேற்கும் என்று அவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. புதிய வேலைக்குப் பழைய ஆளையே அமர்த்துவது பரிணாமத்தின் பழக்கம். பேட்ஸின் அமேசானில் பறக்கும் ஹெலிகோனியஸ் இனங்களிலும் இதே கதைதான்: அங்கே சிவப்பை விதிக்கும் ஆப்டிக்ஸ் என்ற மரபணு, பூச்சிகளின் கண் வளர்ச்சியில் வேலை பார்த்த ஒன்று.

வேடம் இவ்வளவு பயன் தருமானால் ஆணைப் போன்ற பெண் ஏன் இன்னும் மிஞ்சியிருக்கிறாள்? நகல் பெருகினால் அசலின் மதிப்புக் குறையும். கொத்திப் பார்த்த சிவப்பெல்லாம் ருசியாக இருந்தால் பறவை சிவப்புக்கு ஏன் அஞ்சும்? ரோஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே வேடத்தின் விலை. ஈஸ்வரமூலிக் கொடியை வேலியிலிருந்து பிடுங்கி எறியும்போது கறிவேப்பிலைக்கு வருபவளின் பாதுகாப்பும் சேர்ந்து குறைகிறது. இதில் நாம் கணக்கெடுக்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. மருந்து தெளிக்காத ஒரு செடியும் ஒரு நோட்டும் போதும் தொடங்குவதற்கு.

போன ஐப்பசியில் எங்கள் செடியிலிருந்து நான்கு புழுக்களை எடுத்து, வாய்க்கு வலைத்துணி கட்டிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தோம். மூன்று தேறின. முதலில் வந்தவள் சிவப்புப் பிறையோடு வந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரோஸ் என்றே கத்தினார்கள். உடம்பைப் பார்க்கச் சொன்னேன், கறுப்பு. மற்ற இரண்டும் ஆண்கள். சிறகு உலரும்வரை பாட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தன, இரண்டிலும் அதே வெள்ளைப் பொட்டு வரிசை. எந்த வேடத்தை உள்ளே சுமந்துகொண்டு போகின்றன என்பதை அந்தச் சிறகில் படிக்க முடியாது. அது அவற்றின் மகள்கள் வந்த பிறகே தெரியும். ஒன்பது மணி வெயில் சுவரில் ஏறியதும் இரண்டும் மதிலைத் தாண்டிப் போயின.